போஸ்டருக்குப் பின்பக்கம்

— அதெல்லாம் சரி சார். பழைய சினிமா போஸ்டர் சேர்க்கறீங்க, ரொம்ப சந்தோஷம். அதுக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து எதுக்கு நிக்கறீங்க?

— அதைத்தான் மேடம் சொல்ல வர்றேன். ஒரு நிமிஷம். சுருக்கமா சொல்லிடறேன்.

— வந்ததுலேர்ந்து ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னுதான் சொல்லிட்டிருக்கீங்க. விஷயம் இன்னும் வரல.

— தொழில் புத்தி மேடம், தப்பா நினைக்காதீங்க. மருந்துக் கம்பெனியில ரெப்பா இருக்கேன். டாக்டர் ரூம் கதவுல தலையை மட்டும் நீட்டி ஒரு நிமிஷம் சார்னு கெஞ்சிக் கெஞ்சி, வீட்லகூட அப்படித்தான் வாயில வருது.

— யாரு பாப்பா வாசல்ல?

— யாரோ போஸ்டர்காரர்ப்பா. நீங்க எழுந்திரிக்காதீங்க. கால் வீக்கம் இன்னும் வடியல.

— நான்கூட மச்சான்தான் ஆள் அனுப்பிச்சிருக்காரோனு பார்த்தேன்.

— அவர் எதுக்கு ஆள் அனுப்பணும். காலையில போன் பண்ணாரு, பதில் சொல்லிட்டேன். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

— முடிஞ்சதுன்னு நீ சொல்றே. நாளைக்கு ஆபரேஷன்னு அவர் சொல்றாரே.

— அப்பா. வெளியாள் நிக்கறார்.

— நிக்க வச்சது யாரு? உள்ள வாங்க தம்பி. லாரிக்காரன் வீடு, நாற்காலி கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க. கையில என்ன, பைப்பா?

— பைப்தான் ஐயா. உள்ள போஸ்டர் இருக்கு. சுருட்டாம மடிச்சா மடிப்புல விட்டுப் போயிடும், அதான் இதுல வச்சுக் கொண்டு வந்தேன். ஐயா, முன்னாடி நீங்க தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு ஓட்டு வீட்ல குடியிருந்தீங்களா? கதவு எண் பதினேழு?

— இருந்தோம். அது இப்ப வீடாவா இருக்கு?

— டூ வீலர் ஷெட்டா இருக்கு. அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல. எதிர்ல மாவு மில் வச்சிருக்கற அம்மாதான், லாரி டிரைவர் வீடா, அவர் பொண்ணு கோர்ட்ல வேலை பார்க்குதே, அங்க போய்க் கேளுன்னாங்க. ரெண்டு தடவை கோர்ட் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன் மேடம்.

— ஏன்?

— கேட்க வாய் வரல. வீட்ல வச்சுக் கேட்க வேண்டிய விஷயம். அதான் கோர்ட் வாட்ச்மேன்கிட்ட உங்க வீட்டு விலாசம் வாங்கிட்டு வந்தேன்.

— சார், நான் நாள் முழுக்க சாட்சி கூண்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து மத்தவங்க சுத்தி வளைக்கறதைத்தான் டைப் அடிக்கறேன். வீட்லயாவது நேரா விஷயத்துக்கு வாங்க.

— வந்துடறேன். முதல்ல முன்பக்கம் காட்டிடறேன், அப்பதான் புரியும். ஐயா, அந்த டம்ளரை இந்த மூலையில வைக்கட்டுமா, சுருண்டுக்குது. ஈரம் இல்லையே? சரி. இப்ப பாருங்க.

— அட. இந்தப் படமா. பாப்பா, இங்க வந்து பாரு. நான் கிளீனரா இருந்தப்ப வந்தது. இதுல இந்த மீசைக்காரன் வில்லன்ல தம்பி? அவனை எதுக்கு நட்ட நடுவுல இவ்வளவு பெருசாப் போட்டிருக்கான்? கதாநாயகன் எங்கயோ மூலையில ஸ்டாம்பு மாதிரி இருக்கான்.

— அதுதான் ஐயா இதோட அழகே. படம் முதல்ல வந்தப்ப அவர் வில்லன். பத்து வருஷம் கழிச்சு ரெண்டாம் தடவை ரிலீஸ் பண்ணாங்க பாருங்க, அதுக்குள்ள அவர் பெரிய ஹீரோ ஆயிட்டாரு. பழைய ஹீரோவுக்கு மார்க்கெட் போயிடுச்சு. அதனால போஸ்டர்ல ஆளை மாத்திட்டாங்க. மேலே பாருங்க, 'புத்தம் புதிய காப்பி'.

— படத்துக்குள்ள போய்ப் பார்த்தா அவன் அடி வாங்கிச் சாவான்.

— சாவார். ஜனங்க கோபப்பட்டு நாற்காலியைக் கிழிச்சாங்களாம்.

— இதெல்லாமா சார் சேர்க்கறீங்க? முதல் ரிலீஸ் போஸ்டருக்குத்தானே மதிப்புன்னு சொல்வாங்க.

— எல்லாரும் அதைத்தான் தேடறாங்க மேடம். எனக்கு மறு ரிலீஸ்தான். முதல் தடவை ஒட்டறது முதலாளியோட ஆசை. ரெண்டாம் தடவை ஒட்டறதுதான் ஜனங்க யாரை மனசுல வச்சிருக்காங்கன்னு சொல்லும். இது அதுலயும் அபூர்வம். சலூன் கண்ணாடி, பஸ் ஜன்னல்ல ஒட்டற சின்ன சைஸ். எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. அடுத்த மாசம் ஒரு கண்காட்சி நடக்குது, வாசல்லயே இதை மாட்டறோம்னு சொல்லியிருக்காங்க.

— நல்லது. மாட்டட்டும். அதுக்கும் எங்க பழைய வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

— பேப்பர் ரொம்ப நொய்ஞ்சு போச்சு மேடம். இப்படியே விட்டா பொடியாயிடும். பின்னால மெல்லிசு துணி வச்சு ஒட்டணும். ஒட்டிட்டா பின்பக்கத்தை அப்புறம் யாரும் பார்க்க முடியாது. பசை காய்ச்சி, துணியை நனைச்சு எல்லாம் தயார். என் வீட்டுக்காரிதான் கையைப் பிடிச்சுட்டா. 'பின்னால ஒரு புள்ள நிக்குது, அது என்ன ஆச்சுன்னு தெரியாம ஒட்டுனீங்க, அப்புறம் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்'னு சொல்லிட்டா.

— எந்தப் புள்ள?

— திருப்பறேன். மேடம், ஐயா, நான் கேட்கறது உங்க மனசைக் கஷ்டப்படுத்துச்சுன்னா மன்னிச்சுக்கணும். உங்க வீட்ல ஒரு பெண் குழந்தை… ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி… காணாமப் போச்சா? இதோ. 'காணவில்லை'. போட்டோ கொஞ்சம் மங்கல்தான், ஆனா முகம் தெரியுது. கதவு எண் பதினேழுன்னு விலாசம் போட்டிருக்கு. மேடம்? தண்ணி குடிக்கறீங்களா? நான் அப்பவே நினைச்சேன், வந்திருக்கக் கூடாது. அக்காவா, தங்கச்சியா மேடம் உங்களுக்கு?

— கிடைச்சிடுச்சு.

— என்னது மேடம்?

— அந்தக் குழந்தை கிடைச்சிடுச்சு சார். கிடைச்சு, படிச்சு, வேலைக்குப் போயி, இப்ப உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கு. அது நான்தான்.

— நீங்களா?

— காதைப் பார்க்கறீங்களா, மச்சம் இருக்கு.

— இருங்க மேடம். கொஞ்சம் இருங்க. நாலு மாசமா நானும் என் வீட்டுக்காரியும் சோறு திங்கும்போதெல்லாம் இந்தக் குழந்தையைப் பத்தித்தான் பேசறோம். என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர கொஞ்சம் லேட்டானா அவ வாசலுக்கு ஓடறா. ஒரு நிமிஷம், வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா? கிடைச்சிட்டாங்கன்னு மட்டும் சொல்லிடறேன்.

— பண்ணுங்க தம்பி, பண்ணுங்க.

— …ம், நான்தான். கிடைச்சாச்சு. ஆமா, உயிரோட. நல்லா இருக்காங்க. கோர்ட்ல டைப்பிஸ்ட். ஏய், அழாத. அப்புறம் பேசறேன்.

— உங்க வீட்டம்மா என்னை நினைச்சு அழறாங்களா?

— அவ அப்படித்தான் மேடம்.

— எங்க வீட்ல யாரும் அழுத மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

— பாப்பா.

— ஏன்ப்பா, இருந்ததைத்தானே சொல்றேன். ஆறு வயசு சார் அப்ப எனக்கு. அம்மா போயி ஒரு வருஷம்கூட ஆகல. சித்தி வந்து கொஞ்ச நாள். அன்னைக்கு எதையோ கொட்டிட்டேன். 'எங்கயாவது போய்த் தொலை'ன்னாங்க. தெருவுல சினிமா விளம்பர வண்டி மைக் கட்டிப் போயிட்டிருந்துச்சு. கலர் கலரா பிட் நோட்டீஸ் வீசிட்டே போவான் பாருங்க. பொறுக்கிட்டே பின்னால போனேன். தெரு தாண்டி, பாலம் தாண்டி, தியேட்டருக்குள்ளயே போயிட்டேன். சீட்டுக்கு அடியில தூங்கிட்டேன். ரெண்டாம் நாள்தான் கூட்டறவர் பார்த்து, போலீஸ் ஸ்டேஷன்ல விட்டார்.

— அந்த ஒண்ணரை நாள்ல அடிச்ச நோட்டீஸ்தான் மேடம் இது.

— போலீஸ் அடிச்சிருப்பாங்க.

— இல்ல மேடம். அச்சகத்துக்காரர் பையன்கிட்ட விசாரிச்சேன். வீட்லேர்ந்துதான் வந்து கொடுத்திருக்காங்க. அச்சடிச்சு முடிக்கறதுக்குள்ள குழந்தை கிடைச்சிருக்கும்போல, யாரும் வாங்க வரல. அப்போ பேப்பர் தட்டுப்பாடு. கட்டு கட்டா மூலையில கிடந்திருக்கு. இந்தப் படம் மறு ரிலீஸ் வந்ததும், சின்ன போஸ்டர்தானே, பின்பக்கம் வெள்ளையா இருக்கேன்னு அதுலயே அடிச்சுட்டாங்க.

— அதுக்கு என்ன ஆதாரம்?

— ஆதாரம் இதுலயே இருக்கு. போலீஸ்காரர் இப்படி எழுத மாட்டார். படிக்கட்டுமா? எனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் பார்த்தே படிக்கறேன். 'வயது ஆறு. மாநிறம். பச்சைக் கவுன், தோள் பட்டனில் ஒன்று மட்டும் வெள்ளை. இடது காதுக்குப் பின்னால் மிளகு அளவு மச்சம். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது.'

— ம்.

— 'புதிய ஆட்கள் கூப்பிட்டால் வர மாட்டாள். கையை நீட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் தானே வருவாள். பசித்தாலும் கேட்க மாட்டாள், கேட்காமலே கொடுக்கவும். இருட்டு என்றால் பயம். பார்க்கிறவர்கள் இவளை வைத்திருக்கும் இடத்தில் தயவுசெய்து விளக்கை அணைக்க வேண்டாம்.' என் வீட்டுக்காரி இந்த இடத்துலதான் மேடம் தரையில உட்கார்ந்துட்டா.

— அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க.

— 'தயவுசெய்து விளக்கை அணைக்க வேண்டாம்.'

— அப்பா.

— என்னம்மா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட. யாரும் என்னைத் தேடலன்னுதானே நான் வளர்ந்தேன். காலேஜ்ல என்னோட இருந்தவ கேட்டா, நீ சின்ன வயசுல தொலைஞ்சப்ப உங்க வீட்ல துடிச்சிருப்பாங்க இல்லன்னு. சிரிச்சுட்டு, ஒரு சாப்பாடு மிச்சம்னு நினைச்சிருப்பாங்கன்னு சொன்னேன். பசிச்சாலும் கேட்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா அப்பா?

— …

— பாருங்க சார், பேச மாட்டார். இவர் சுபாவமே இதுதான். பெரிய பாரத்தை ஏத்திக்கிட்டு மேட்டுல போற வண்டி மாதிரி, சத்தம் மட்டும் வரும்.

— விடுங்க மேடம். ஐயாவுக்குக் கண்ணு கலங்குது.

— கலங்கட்டும். எனக்கும்தான் கலங்குது. அன்னைக்கு இவர் என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் நடந்தது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். இறக்கியே விடல. அதே நேரம் அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? போலீஸ்காரர் கையிலேர்ந்து என்னை வாங்கின உடனே பளார்னு ஒண்ணு விட்டாங்க. அஞ்சு விரலும் கன்னத்துல. அப்புறம் கதவோரம் போய் நின்னவங்கதான், கிட்டயே வரல.

— சித்தியா மேடம்?

— சித்திதான். வேலை கிடைச்சு முதல் சம்பளம் வாங்கினதும் நான் பண்ண முதல் காரியம், இவரை என்கூடக் கூட்டிட்டு வந்தது. நீங்க வேணும், அவங்க வேணாம்னு தெளிவா சொல்லிட்டேன். அவங்க தம்பி வீட்ல இருக்காங்க. பிள்ளை குட்டி கிடையாது. இப்ப ஆபரேஷனாம், அப்பாவைப் பார்க்கணுமாம். காலையிலேர்ந்து இதே பேச்சு.

— மேடம், நான் வெளியாள். இருந்தாலும் சொல்றேன். ஆஸ்பத்திரி எனக்குத் தினம் பார்க்கற இடம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எல்லாருக்கும் கதவு மேலயே கண்ணு இருக்கும்.

— சார், அடிச்ச கை அது. அது மட்டும் இல்ல. அதுக்கப்புறம் நான் எங்க போனாலும் கூடவே வருவாங்க. பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்னாடியே கேட்டுல நிப்பாங்க, போலீஸ் மாதிரி. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. முன்னால நடப்பாங்க, நான் பின்னால போகணும். என் சிநேகிதிங்க எல்லாம் சிரிப்பாளுங்க. அன்பா ஒரு சொல்லு, ஒரு தடவல், எதுவும் கிடையாது. இதோ, இந்தக் காகிதத்துல இருக்கற பாசத்துல நாலுல ஒரு பங்கு அவங்ககிட்ட இருந்திருந்தா, நான் அம்மான்னே கூப்பிட்டிருப்பேன்.

— தம்பி.

— சொல்லுங்க ஐயா.

— இதை நீங்க இப்ப என்ன பண்ணப் போறீங்க?

— அதான் யோசிக்கறேன் ஐயா. வரும்போது, குழந்தை கிடைக்கலன்னா இதை விட்டுட்டுப் போயிடணும், கிடைச்சிருந்தா துணி ஒட்டிடலாம்னு நினைச்சுட்டு வந்தேன். இப்ப தலைகீழா இருக்கு. துணி ஒட்ட எனக்கு மனசு வரல. மேடம், நீங்களே வச்சுக்கங்க.

— சார், உங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதானே. கண்காட்சி?

— கண்காட்சிக்கு வேற எதையாவது மாட்டுவாங்க. வேற படங்களுக்கு வில்லனை ஹீரோவாக்கின போஸ்டர் இன்னும் ரெண்டு மூணு இருக்கு என்கிட்ட. ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணுங்க, கடை நான் சொல்றேன். வெயில் படாத சுவரா பார்த்து மாட்டுங்க. எந்தப் பக்கம் வெளியில தெரியணும்ங்கறது உங்க இஷ்டம்.

— அப்பா கட்டிலுக்கு எதிர்லயே மாட்டறேன். இந்தப் பக்கம்தான் தெரியணும். எங்கப்பா எழுதினதுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டுவேன். இனிமே இவர் எதைக் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன் சார். என்னப்பா வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவ்வளவுதானே? ஒரு மணி நேரம் போயிட்டு வாங்க. வண்டி சொல்றேன். நான் வர மாட்டேன், நீங்க போயிட்டு வாங்க.

— எனக்காகவா அனுப்பறே?

— உங்களுக்காகத்தான். வேற யாருக்காக?

— தம்பி, அந்த நோட்டீஸ்ல கடைசியில என்ன போட்டிருக்கு? கீழே, விலாசத்துக்கு மேல.

— கையெழுத்து இடமா ஐயா? பேர் எதுவும் இல்ல. 'இப்படிக்கு, பெற்றோர்'னு மட்டும் இருக்கு.

— பெற்றோர்னா இவர்தான் சார். அப்ப எனக்கு வேற யாரு இருந்தாங்க?

— பாப்பா, கொஞ்சம் உட்காரு. இவ்வளவு நேரம் நான் வாயை மூடிட்டு இருந்தது தப்புத்தான். நீ இன்னைக்கு என்னைப் பார்த்த மாதிரி என்னைக்குமே பார்த்ததில்ல, அதை விட மனசு வரல. உன்னைத் தோள்ல தூக்கிட்டுத் தெருவெல்லாம் நடந்தது நிஜம். ஆனா அது நீ கிடைச்சு மூணு நாள் கழிச்சு. நான் லோடு ஏத்திட்டு வெளியூர் போயிருந்தேன்மா. நீ தொலைஞ்சதே வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மச்சம், பட்டன், இருட்டு, இதுல ஒண்ணுகூட அன்னைக்கு எனக்குத் தெரியாது. அங்க பெற்றோர்னு போட்டிருக்கறது உன் சித்தி.